பாசியில முளைச்ச அசேலியா

பூச்சாடியில அசேலியா பூத்தா நாங்கள் பூவைப் பார்க்கிறம். அதை உருவாக்கின ஆள் யார் எண்டு கேட்கிறதில்லை.

ஜப்பானின் குருமே பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த சாமுராய் சகமோட்டோ மோட்டோசோ. அசேலியா விதை தூசி மாதிரி. மண்ணில போட்டா லேசில பிழைக்காது. அவர் ஈரப் பாசியில் தூவி முளைக்க வைத்தார். நல்ல நாற்றுகளைத் தெரிந்து புது வகைகளை வளர்த்தார்.

1918இல் குருமே வந்த தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன், 50 வகைகளைத் தெரிவுசெய்து பொஸ்டனின் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்துக்கு எடுப்பித்தார். மேற்கில் அவை 'வில்சனின் ஐம்பது' ஆயின. கொண்டுபோனவரின் பெயர் நிண்டிட்டுது.

அசேலியாவுக்கு இண்டைக்கும் ஈரமான, அமிலத்தன்மையுள்ள, பொலபொலப்பான மண்தான் வேணும். வேர் மேலாகவே ஓடும், கிளறக்கூடாது. பூத்து முடிஞ்ச உடனே கத்தரிக்கோணும். பிந்தினா அடுத்த வருஷ மொட்டும் போயிடும். இந்தப் பொறுமையான வேலைக்கும் வரலாற்றில் ஒரு பெயர் இருக்கு. பூவின்ர கதையை எழுதேக்க, விதை தூவினவரிலிருந்து நாங்கள் தொடங்கோணும்.