சிறு வண்டியும் நெடு வழியும்

கொடை என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது பறம்புமலைப் பாரியின் பெயர். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக் கொடிக்குத் தாம் ஏறிவந்த தேரையே நிறுத்திவிட்டு நடந்து சென்றவர் அவ்வள்ளல். ஏறிவந்த ஊர்தியைப் பயணத்தின் முடிவில் அறத்துக்கு ஈந்துவிட்டு ஊர் திரும்பும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் தோன்றியது என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நண்பர் சிலர் கூடி ஒரு சிறிய மோட்டார் காரை வாங்குகிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் அதை ஓட்டிச் செல்கிறார்கள். அப்பயணத்தை முன்னிட்டுத் திரளும் பொருளை எளியோர்க்கு அளிக்கிறார்கள். இவ்வழக்கம் எவ்வாறு பிறந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, குறை யாது என்பவற்றை இங்கே காண்போம்.

நெடுவழி மோட்டார்ப் பயணத்தின் தொடக்கம் அறமன்று; போட்டியே ஆகும். 1907ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ‘லெ மாத்தேன்’ என்னும் நாளிதழ், பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை காரில் வரத் துணிவார் உளரோ என்று அறைகூவிற்று. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஐந்து வண்டிகள் புறப்பட்டன. இத்தாலிய இளவரசர் ஸ்கிப்பியோனே போர்கேசே 7 லிட்டர் எஞ்சின் பூண்ட ‘இத்தாலா’ வண்டியில் ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிஸை அடைந்து வெற்றி பெற்றார். ஐந்தனுள் மிகச் சிறியது, ஓகுஸ்த் போன்ஸ் என்பவர் ஓட்டிய ‘கோந்தால்’ என்னும் மூன்று சக்கர வண்டி. பெரிய வண்டிகள் முன்னே சென்றுவிட, அச்சிறு வண்டி எரிபொருள் தீர்ந்து கோபிப் பாலைவனத்தில் நின்றுவிட்டது. நீரின்றி உயிர் ஊசலாடிய நிலையில் போன்ஸையும் அவர் துணைவரையும் காத்தவர்கள் அப்பாலையில் திரிந்த நாடோடி மக்களே. வண்டி அங்கேயே கைவிடப்பட்டது. இந்நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்வரும் வரலாறு முழுவதற்கும் இது ஒரு முன்னுரை போன்றது.

பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த காரை எளியவர்க்கும் உரியதாக்கியது சிறு கார். இங்கிலாந்தில் 1922இல் ‘ஆஸ்டின் செவன்’ பிறந்தது. பிரான்சில் 1948இல் ‘சிட்ரோயன் டூ-சி-வி’ மக்கள் பார்வைக்கு வந்தது. ஒரு கூடை முட்டையை ஏற்றிக்கொண்டு உழுத வயலின் குறுக்கே சென்றாலும் ஒரு முட்டையும் உடையக் கூடாது என்பது அதனை வடிவமைத்தோர்க்கு இடப்பட்ட கட்டளை என்பர். அதன் முதல் எஞ்சினின் கொள்ளளவு 375 கன சென்டிமீட்டரே. அத்தகைய வண்டி ஒன்றில் 1958 அக்டோபரில் ழாக் செகெலா, ழான்-குளோத் போதோ என்னும் பிரெஞ்சு இளைஞர் இருவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஓராண்டுக்கும் மேலாக ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டர் ஓட்டி, 1959 நவம்பரில் பாரிஸ் திரும்பினர். பெரிய வண்டி தோற்ற இடத்திலும் சிறிய வண்டி செல்லும் என்று உலகம் அறிந்தது. அதன் சூத்திரம் எளிது: பாரம் குறைவு, பழுது பார்ப்பது சுலபம், மணலில் புதைந்தால் நால்வர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

1970இல் அந்நிறுவனமே பாரிஸிலிருந்து காபூலுக்குச் சென்று மீளும் பயணம் ஒன்றை நடத்திற்று. ஏறக்குறைய 500 வண்டிகளில் இளைஞர்கள் கலந்துகொண்டனர். ஆயினும் 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையெடுப்பும் நிகழவே, ஐரோப்பாவையும் இந்தியாவையும் இணைத்த தரைவழி பெரும்பாலும் அடைபட்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர், மத்திய ஆசியாவின் பாதைகள் அயலார்க்கு மெல்லத் திறந்தன. ஒரு வாயில் மூடி மற்றொன்று திறந்த இக்காலத்தில்தான் நெடும்பயணத்தோடு அறமும் வந்து சேர்ந்தது.

1997இல் பிரான்சில் ‘கேட்ரெல் டிராபி’ என்னும் பயணம் தொடங்கியது. மாணவர் இருவர் சேர்ந்து, 1961இல் உற்பத்தி தொடங்கிய ‘ரெனோ 4’ என்னும் பழைய சிறு காரில் ஸ்பெயினைக் கடந்து, ஜிப்ரால்டர் நீரிணையைக் கப்பலில் தாண்டி, மொராக்கோவின் பாலை விளிம்பை அடைவர். வண்டியின் பின்புறத்தில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கான பள்ளிப் பொருள்கள் இருக்கும். திரண்ட நிதியால் சிற்றூர்களில் வகுப்பறைகளும் எழுந்தன. சில வண்டிகளோடு தொடங்கிய இம்முயற்சியில் பின்னாளில் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கலந்துகொண்டன.

2000க்குப் பிந்திய முதற் சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் இருவேறு முயற்சிகள் தோன்றின. ஒன்று, பிளிமத் துறைமுகத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்வது. வண்டியின் விலை 100 பவுண்டுக்கு மேற்படலாகாது என்பது அதன் தொடக்ககால விதி. காம்பியா நாட்டின் தலைநகரான பாஞ்சுலில் வண்டிகள் ஏலம் விடப்பட்டு, தொகை அந்நாட்டு அறநிலையங்களுக்குச் சென்றது. மற்றொன்று, 2004இல் தொடங்கிய மங்கோலியப் பயணம். எஞ்சின் 1 லிட்டருக்கு மேற்படலாகாது என்பது அதன் விதியாயிருந்தது. வகுக்கப்பட்ட பாதை இருந்ததில்லை. துணை வண்டியும் இருந்ததில்லை. ஒவ்வோர் அணியும் 1,000 பவுண்டேனும் அறத்துக்குத் திரட்ட வேண்டியிருந்தது. முதலாண்டில் ஆறு அணிகள் புறப்பட்டன. நான்கே உலான்பாதரை அடைந்தன. 2006இல் புறப்பட்டவை 167. சென்று சேர்ந்தவை 117. இடர் வெறும் பேச்சன்று. 2010இல் ஈரானில் நேர்ந்த சாலை விபத்தில் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

சிறு காரையே விதியாக்கியது ஏன்? செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. வலிய வண்டியில் செல்பவன் வழியிலுள்ள ஊரைக் கடந்து போகிறான். எளிய வண்டியில் செல்பவன் ஊரில் நின்றுதான் போக வேண்டும். ஸ்பிரிங் முறிந்தால் ஊர்ப் பட்டறையைத் தேட வேண்டும். ஆற்றில் இறங்கிய வண்டி அணைந்தால் கரையில் நிற்பவரைக் கூவி அழைக்க வேண்டும். இரவானால் எவர் கூடாரத்திலேனும் இடம் கேட்க வேண்டும். உதவி செய்யப் புறப்பட்டவர்கள் முதலில் உதவி பெறுகிறார்கள். 1907இல் போன்ஸுக்கு நேர்ந்ததும் இதுவே. மொழி அறியாத ஊரில் முதன்முதல் வந்திறங்கி, முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, பெயர் தெரியாத ஒருவர் உடன் நடந்து வந்து வீட்டைக் காட்டிய நன்றியை, வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, இவ்வறத்தின் மறுபுறத்தையும் நோக்குவோம். மங்கோலியாவுக்குக் கொண்டுசென்ற கார்களை அங்கேயே விற்று, அப்பணத்தையும் அறத்துக்கு அளிப்பதே தொடக்கத்தில் எண்ணமாயிருந்தது. ஆனால் அது சாலை குறைந்த புல்வெளி நாடு. அங்கே ஓடுபவற்றுள் ஜப்பானிய வண்டிகளே மிகுதி. ஐரோப்பியச் சிறு கார் அந்நிலத்துக்கு ஏற்றதன்று. அதற்கு உதிரிப்பாகமும் எளிதில் கிட்டாது. இறக்குமதி வரியும் ஆவணச் சிக்கலும் வேறு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அடிபட்டு வந்த வண்டி, பெற்றவர்க்குப் பேறாகாமல் சுமையாகவும் கூடும். ஆகவே 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் பயணத்தின் முடிவிடம் ரஷ்யாவின் உலான்-உதே நகருக்கு மாற்றப்பட்டது. வண்டியை விட்டுவரும் வழக்கமும் ஓய்ந்தது.

வேறொரு வினாவும் எழுகிறது. எரிபொருள், நுழைவுச் சீட்டு, கப்பல் கட்டணம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை நேரே அறத்துக்கு அளித்தால் மேலும் நன்மை விளையாதோ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. எனினும், அப்பணத்தை வைத்திருப்பவர் பயணம் இல்லையேல் அதை அறத்துக்கு ஈந்திருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. பயணத்தின் கதையைக் கேட்டுத்தான் சுற்றத்தாரும் அண்டை அயலாரும் பை திறக்கிறார்கள். நம் நாட்டிலும் கொச்சி, ஷில்லாங், ஜெய்சல்மேர் ஆகிய நகரங்களுக்கிடையே ஆட்டோரிக்‌ஷாவில் அயல்நாட்டார் அறநிதி திரட்டிச் சென்றிருக்கின்றனர். அவ்வண்டிக்கு நம் ஊர்த் தெருமுனைப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

கொள்வார் நிலையை நோக்காது வாரி வழங்குவதை நம் முன்னோர் ‘கொடைமடம்’ என்றனர். பாரி ஈந்த தேரும், பேகன் மயிலுக்கு அளித்த போர்வையும் அதற்குச் சான்றுகள். மடம் என்று பெயரிட்டும் அதைப் பாராட்டினர். ஏனெனில் ஈயும் நெஞ்சமே அரிது. ஆனால் வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், ‘ஒப்புரவறிதல்’ என்று தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். உலகநடை அறிந்து, பிறர்க்குப் பயன்பட வாழ்தல் அது. மங்கோலியப் புல்வெளியில் நின்றுபோன காரைக் கொடைமடம் எனலாம். மொராக்கோச் சிற்றூரில் எழுந்த வகுப்பறையை ஒப்புரவு எனலாம். சிறு கார்ப் பயணங்களின் வரலாறு முன்னதிலிருந்து பின்னதை நோக்கி நடந்த வரலாறேயாகும். பெறுபவர்க்கு வேண்டுவது யாது என்று கேட்டறிந்த பிறகு வண்டியில் ஏற்றும் ஒரு கட்டுப் புத்தகம், கேளாமல் கொண்டுபோய் நிறுத்தும் வண்டியைவிடப் பெரிய கொடை என்பதில் ஐயமில்லை.