நோயும் மூப்பும்

ஒருவர் நோயுற்று வைத்தியசாலையிற் சேர்ந்தால், இங்கிலாந்தில் அவரிடம் பணம் கேட்பதில்லை. அவரே மூப்பினால் தளர்ந்து, எழுந்திருக்கவும் உடுக்கவும் உண்ணவும் பிறர் துணையை நாடிப் பராமரிப்பு இல்லமொன்றிற் சேர்வாராயின், அவருடைய சொத்துக்குக் கணக்குக் கேட்கின்றனர். நோய்க்கு ஒரு நீதியும் மூப்புக்கு வேறொரு நீதியும் எவ்வாறு தோன்றின? நம் உறவினர் பலர் அந்நாட்டில் முதுமை எய்திவரும் இக்காலத்தில், இச்சரித்திரம் நாம் அறியவேண்டியதொன்றாகும்.

எலிசபெத் மகாராணியின் ஆட்சியில், 1601ஆம் ஆண்டில், வறியோர் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு கோவிற்பற்றும் குடிகளிடம் வரி அறவிட்டுத் தன் எல்லையிலுள்ள வறியோரைத் தாங்கவேண்டும் என அது விதித்தது. வசதியுள்ள பிள்ளைகள் வறிய பெற்றோரைப் பராமரிக்கவேண்டும் எனவும் கட்டளையிட்டது. ஆகவே பெற்றோரைப் பேணும் கடமையை மேல்நாட்டார் அறியார் என நம்மவர் சிலர் கூறுவது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

வறியோர் வரி பெருகிவிட்டதென முறையிட்டோரின் குரல் ஓங்கவே, 1834இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. உதவி வேண்டுவோர் ‘வேர்க்கவுஸ்’ எனப்பட்ட வறியோர் விடுதிக்குட் புகவேண்டும் என்பதே அதன் நோக்கம். வெளியே உழைத்துண்ணும் மிக ஏழையான தொழிலாளியின் வாழ்விலும் விடுதி வாழ்வு தாழ்ந்ததாயிருக்க வேண்டுமெனக் கருதினர். கணவனும் மனைவியும் வெவ்வேறு பகுதிகளில் இருத்தப்பட்டனர். உழைக்க மறுப்போரை அச்சுறுத்த அமைத்த விடுதிகளிற் காலப்போக்கில் போக்கிடமற்ற முதியோரே பெரிதும் தங்கலாயினர்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் பிறந்தது. 1909 சனவரி முதலாந் திகதி தொடக்கம், எழுபது வயதடைந்த வறியோர் வாரத்துக்கு 5 சிலிங் வரை பெற்றனர். பலர் விடுதி வாசலை மிதியாது வாழ இது உதவியது. ஆயினும் படுக்கையிற் கிடப்போருக்கு 5 சிலிங்கினால் ஆளுதவி கிடைக்குமா?

1948 யூலை 5ஆந் திகதி இரு சட்டங்கள் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. தேசிய சுகாதார சேவைச் சட்டம் வைத்தியத்தை யாவருக்கும் இலவசமாக்கியது. தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை ஒழித்து, முதியோருக்கு இல்லங்கள் அமைக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. பெற்றோரைத் தாங்கும் பிள்ளைகளின் சட்டக் கடமையும் அதனோடு நீங்கியது. இல்லத்தில் வாழ்வோர் தருமம் பெறுவோராயன்றி, பணங்கொடுத்துத் தங்கும் விருந்தினர்போல் மதிக்கப்படவேண்டும் என்பது சுகாதார மந்திரி அனைரின் பெவனின் விருப்பம். ஆதலால் 26 சிலிங் ஓய்வூதியம் பெறுபவர் 21 சிலிங்கை இல்லத்துக்குக் கொடுத்து, 5 சிலிங்கைக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டார். முதியோரின் மானத்தைக் காக்க விதித்த அக்கட்டணமே பிற்காலச் சிக்கலுக்கு வித்தாயிற்று.

சட்டம் மாறினும் கட்டடங்கள் மாறவில்லை. பழைய வறியோர் விடுதிகள் பலவற்றில் முதியோர் இன்னும் வாழ்வதைச் சமூகவியல் அறிஞர் பீற்றர் ரவுன்சென்ட் 1962இல் நூலெழுதி எடுத்துக்காட்டினார். 1980க்குப்பின் தனியார் இல்லங்கள் பெருகின. அங்கு வாழ்ந்த வறியோருக்காக மத்திய அரசு செலுத்திய பணம், 1979இல் ஏறத்தாழ ஒரு கோடி பவுணாயிருந்து, பத்தாண்டுகளில் நூறு கோடியளவுக்கு ஏறியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இச்சுமையை 1993 ஏப்பிரல் முதல் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றியது. 23,250 பவுணுக்கு மேற் சொத்துடையவர் முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும் என்னும் எல்லை 2010 முதல் 2025 வரை உயர்த்தப்படவேயில்லை. தனியே வாழ்ந்த ஒருவர் இல்லத்தில் நிலையாகச் சேர்ந்தால், பொதுவாக அவர் வீடும் இக்கணக்கிற் சேரும். வாழ்நாள் முழுதும் உழைத்துத் தேடிய வீட்டை விற்று இறுதிக்காலச் செலவைச் செலுத்தும் துயரம் இவ்வாறு நேர்ந்தது.

உடற்பராமரிப்பை இலவசமாக்குக என 1999இல் அரச ஆணைக்குழு பரிந்துரைத்தது. ஸ்கொத்லாந்து 2002இல் அவ்வாறே செய்தது. இங்கிலாந்தோ தாதியர் பணிக்கு மட்டும் பணம் தர இசைந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒருவர் தம் வாழ்நாளிற் பராமரிப்புக்குச் செலுத்தவேண்டிய தொகைக்கு 72,000 பவுண் உச்சவரம்பாக வகுக்கப்பட்டது. 2016இல் தொடங்கவேண்டிய அது பிற்போடப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. 2021இல் 86,000 பவுண் என மீண்டும் உறுதி கூறினர். 2024 யூலையில் அதுவும் நீக்கப்பட்டது. நிதி ஒதுக்கப்படாத சட்டத்தினால் ஒரு முதியவரேனும் பயன் பெறவில்லை.

நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என விதித்து, பராமரிப்புக் கோருவோர் முறையிடச் சபையொன்றையும் அமைத்தது. இங்கிலாந்து 1948இல் நீக்கிய கடமையை நாம் சட்டமாக்கினோம். இது நம் மரபுக்கு இசைந்ததே. ஆனால் பிள்ளையே வறியவனாயின், அல்லது கடல்கடந்து வாழ்வானாயின், படுக்கையிலிருக்கும் தாயை நாள்தோறும் தூக்கி உட்காரவைப்பவர் யார்? அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? இங்கிலாந்தின் வரலாறு நம்மிடம் எழுப்பும் கேள்வி இதுவே. மூத்தோர் நம்மோடிருக்கும்போதே இளைஞர் இதற்கு விடை தேட முற்படுவாராக.