நாயும் இல்லை, பால்கனியும் இல்லை

1941-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்திருந்தான். நாயைப் பால்கனியிலிருந்து எறியக்கூடாது என்று திடீரெனச் சொன்னான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. கேட்பவர் என்ன நினைப்பார்? வெறும் உளறல் என்றுதானே!

ஆனால், தாய்க்கு அதன் வரலாறு தெரியும். முன்பு ஒரு விடுதியின் பால்கனியிலிருந்து அவன் தன் பொம்மை நாயை ஓயாமல் கீழே எறிந்தான். எடுத்துக் கொடுத்துச் சலித்த தாய் இவ்வாறு கண்டித்தார். அன்றுமுதல் எதையேனும் எறியத் தோன்றினால், அதே சொற்களால் தன்னை அடக்கிக்கொள்வது அவன் வழக்கமாயிற்று. உளறலாகத் தோன்றியது, உண்மையில் தன்னடக்கம்!

இச்சிறுவன் உட்பட 11 குழந்தைகளைப் பற்றி மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரை, ஆட்டிசம் பற்றிய மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல். அக்குழந்தைகளுள் சிலர் அறிவு வளர்ச்சியற்றவர்கள் என்றும், சிலர் காது கேளாதவர்கள் என்றும் முன்னர்க் கருதப்பட்டிருந்தனர். கட்டுரையின் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், நான்கு வயது நிரம்புமுன்பே காப்பகம் ஒன்றில் விடப்பட்டவர். பெற்றோர் ஓராண்டுக்குப் பின் அவரை மீட்டனர். அவர் 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் பணியாற்றினார், 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார். காப்பகத்திலேயே விட்டிருந்தால்?

பொருளற்றவையாகத் தோன்றும் இத்தகைய பேச்சுகளுக்கு மூலம் உண்டு என்பதைக் கானர் 1946-இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். எனினும், குறை முழுவதும் பேசுபவரிடமே என்ற எண்ணம் நீடித்தது. ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன் 2012-இல் இதனை மறுத்தார். புரியாமை இருபுறமும் உள்ளது. அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறோம் என்றார்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வும் சிந்திக்கத்தக்கது. ஆட்டிசம் உடையோர் பேசும் காட்சியைச் சில நொடிகளே பார்த்தவர்கள், அவர்களைக் குறைவாக மதிப்பிட்டனர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அவ்வேறுபாடு தோன்றவில்லை. ஆக, மதிப்பைக் குறைத்தது பேச்சின் பொருளன்று, குரலும் தோற்றமுமே.

நேர்முகத் தேர்விலும் வகுப்பறையிலும் நாம் ஒருவரை எடைபோட எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அச்சில நொடிகளே. பால்கனி எங்கே என்று தேடிப் பார்க்குமுன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.