சுமைதாங்கிக் கல்லும் 55 கிலோ வரம்பும்

திருவனந்தபுரம் சாலை பஜார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசரால் உருவாக்கப்பட்டது. அதன் வரலாறு பெரும்பாலும் திவான்களையும் வணிகர்களையும் மையப்படுத்தியே சொல்லப்படுகிறது. அங்கு வந்திறங்கிய மூட்டைகளைத் தலையில் சுமந்தோரின் உடல் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

அவ்வுடலைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்று பாதையோரக் கல். நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு பலகைக்கல். தமிழில் சுமைதாங்கி, மலையாளத்தில் சுமடுதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகத் தமிழகத்தில் இவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. இதை அறச்செயலாக மட்டுமே பார்க்கிறோம். இதன் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பாரத்தைத் தரையில் இறக்கினால் குனிய வேண்டும். மீண்டும் ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். கல்லின்மேல் நகர்த்தி வைப்பவருக்கு இவ்விரண்டும் தேவையில்லை. முதுகெலும்பை மிகுதியாக வருத்துவது குனிந்து தூக்கும் கணமே என்னும் அறிவு அக்கல்லின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

நவீன அரசு இச்சிக்கலை எடையாகக் கண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டு 127ஆம் உடன்படிக்கை, உடல்நலத்துக்குக் கேடு தரும் பாரத்தைச் சுமக்கச் செய்வதைத் தடுத்தது. அதனுடன் வந்த 128ஆம் பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்னும் அளவைச் சுட்டியது. கேரளம் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. வேலை ஒழுங்கும் நலநிதியும் தகராறுத் தீர்வும் அதன் பொருள்கள். தமிழ்நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. இந்தியா உடன்படிக்கையை ஏற்றதோ 2010இல்தான். அதன்பின் கேரள அரசு 75 கிலோ வரம்பை 55 ஆகக் குறைக்க முடிவெடுத்தது.

இது பெரும் முன்னேற்றம். ஆயினும் ஒரு கணக்கு எஞ்சுகிறது. 15 டன் சரக்கை 75 கிலோ மூட்டைகளாக இறக்கினால் 200 முறை தூக்க வேண்டும். 55 கிலோவாயின் ஏறத்தாழ 273 முறை. ஒரு தூக்கலின் பாரம் குறைகிறது. தூக்கல்களின் எண்ணிக்கை கூடுகிறது. கூலி மூட்டைக் கணக்கிலோ டன் கணக்கிலோ அமையும்போது இடையில் ஓய்வது வருமான இழப்பாகிறது. முதுகும் தோளும் முழங்காலும் தேய்வதற்கு எடையைப் போலவே எண்ணிக்கையும் காரணம்.

தகுந்த கருவிகளை இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை கூறுகிறது. இடுப்புயர மேடை, தள்ளுவண்டி, ஊதியம் குறையாத இடையோய்வு ஆகியவை சுமைதாங்கியின் இன்றைய வடிவங்கள். எடைவரம்பின் வரலாற்றை எழுதும் நாம், தூக்கும் எண்ணிக்கையின் வரலாற்றையும் கூலிக் கணக்கேடுகளிலிருந்து எழுத வேண்டும்.