கண்ணாடிப் படவீழ்த்தல்

கடை முகப்பிலும் அருங்காட்சியகத்திலும் மேடையிலும் கண்ணாடிப் பரப்பின் மீது புரொஜெக்டரால் அசையும் படங்களைத் தோன்றச் செய்யும் முறை கண்ணாடிப் படவீழ்த்தல். இதற்கு நல்ல புரொஜெக்டர் வாங்கினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் காட்சி துலங்குவதும் மங்குவதும் முதலில் ஒளி விழும் பரப்பைப் பொறுத்தது.

வெறும் கண்ணாடியில் படம் தங்காது. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே அதன் இரு முகங்களிலும் பட்டுத் திரும்புகிறது. பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடுகிறது. தெருவில் எங்கு நிற்பவருக்கும் படம் தெரிய வேண்டுமானால் ஒளி பல திசைகளிலும் சிதற வேண்டும். அதற்காகக் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டி, கடைக்குள்ளிருந்து புரொஜெக்டரை இயக்குவார்கள். பார்ப்பவர் மறுபுறம் நிற்பதால் படத்தை இடவலமாகத் திருப்பி அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். புரொஜெக்டரின் வில்லை பார்வையாளரின் கண்ணுக்கு நேர்கோட்டில் இருந்தால் படத்தின் நடுவே பளீரென ஒரு வெளிச்சப் புள்ளி எழும். ஆகவே புரொஜெக்டரைக் கூரையை ஒட்டியோ தரையருகிலோ பொருத்துவது வழக்கம்.

படலங்களில் பால்வெள்ளை, சாம்பல், தெளிவானது எனப் பல வகை உண்டு. பால்வெள்ளைப் படலம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பிரகாசமாக இருக்கும். சாம்பல் படலம் சுற்றுப்புற வெளிச்சத்தை ஓரளவு உறிஞ்சுவதால் நிறங்கள் ஆழமாகத் தெரியும். தெளிவான படலத்தில் பின்னாலுள்ள பொருள்களும் தெரியும். படம் சற்று வெளிறும். திரவப் படிகத் துளிகள் கொண்ட இன்னொரு வகை, மின்சாரம் பாயும்போது தெளிந்தும் நிறுத்தினால் பால்போல் வெளுத்தும் மாறும். பகலில் சன்னலாகவும் இரவில் திரையாகவும் ஒரே கண்ணாடி பயன்பட இது வழிசெய்கிறது.

எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீழ்த்த முடியாது. படத்தில் கறுப்பாக உள்ள இடத்துக்கு ஒளி போவதில்லை. தெளிவான படலத்தில் அந்த இடம் ஊடுருவித் தெரியும். கறுப்புப் பின்னணியில் எடுத்த நடனப் பெண்ணின் உருவம் காற்றில் மிதப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். இந்தத் தோற்றம் கலையாதிருக்க, தேர்ந்த வடிவமைப்பாளர்கள் படத்தின் ஓரம் திரைச்சட்டத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்வார்கள்.

பகல் வெளிச்சம் இம்முறைக்குப் பெரும் பகை. 5,000 லூமென் ஒளியை 2 சதுர மீட்டரில் பரப்பினால் கிடைப்பது 2,500 லக்ஸ். உச்சி வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகும். வெயில் நேரே படும் முகப்பில் எல்.இ.டி. திரை வைப்பதே சரி. படவீழ்த்தல் அந்திக்குப் பின்தான் எடுபடும்.

கண்ணாடியைத் திரையாக்காமல் அதன் பிரதிபலிப்பை மட்டும் கொண்டு உருவம் காட்டும் வழி இதைவிடப் பழையது. ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் முன்வைத்த யோசனையை எளிமையாக்கி, ஜான் ஹென்றி பெப்பர் 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஆவி உருவத்தை மேடையேற்றினார். மேடைக்கும் அவைக்கும் நடுவே சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி. கீழே மறைவிடத்தில் பலத்த வெளிச்சத்தில் ஒரு நடிகர். அவருடைய பிம்பம் மேடையிலுள்ள மற்ற நடிகர்களுக்கு இடையே நடமாடியது. படம் கண்ணாடியில் தங்காமல் போவதற்குக் காரணமான அதே சொற்பப் பிரதிபலிப்புதான் இங்கே வித்தையின் முதல். 1996இல் இறந்த ராப் பாடகர் டூபாக் ஷகூர் 2012இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழா மேடையில் 'பாடியதும்' இதே முறையில்தான். ஹோலோகிராம் என்று செய்திகள் சொன்னாலும், அங்கே கண்ணாடிக்குப் பதிலாகச் சாய்த்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளும் புரொஜெக்டரும் வேலை செய்தன.

கண்ணாடி போலத் தட்டையாக இல்லாத பரப்புகளில் படம் வீழ்த்துவது தனிக் கலை. டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பட்ட ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகையில், வெறும் மார்பளவுச் சிலைகள் மீது பாடும் முகங்களின் திரைப்படத்தை வீழ்த்தி அவற்றைப் பாட வைத்தார்கள். இன்று கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் வரைந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்பப் படத்தை வளைத்து அனுப்புகிறார்கள். விவிட் சிட்னி ஒளி விழாவில் ஆபரா ஹவுஸின் கூரைகள் மிக அழகாக ஒளிர்வதற்கு அவற்றின் வெளிர்நிற ஓடுகளும் ஒரு காரணம். கருங்கல் சுவர் ஒளியை விழுங்கிவிடுவதால், அதே அளவு பிரகாசத்துக்குப் பல மடங்கு வலுவான புரொஜெக்டர்கள் தேவைப்படும்.