சோப்பு, ஈயம், எபாக்ஸி: ஒரு பெட்ரோல் டேங்க் ஓட்டையின் வரலாறு

வரலாறு என்றாலே ராஜாக்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்று நமக்குப் பழகிவிட்டது. குண்டூசி முனை அளவு ஓட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிரிப்பீர்கள். பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் விழும் ஓட்டையைத்தான் சொல்கிறேன். அதை அடைக்க மெக்கானிக்குகள் கையாண்ட வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தகடு, பெட்ரோல், பசை மூன்றின் கதையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

முதலில் ஓட்டை ஏன் விழுகிறது? பெட்ரோல் இரும்பை அரிப்பதில்லை. அரிப்பது தண்ணீர். டேங்க் பாதி காலியாக நிற்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் துளியாகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்குகிறது. அதனால்தான் பெரும்பாலான ஓட்டைகள் டேங்கின் அடிப்பக்க மூலைகளிலும், பெட்ரோல் டேப்பைச் சுற்றியும், தகடுகள் சேரும் விளிம்பிலும் வருகின்றன. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். வேலை உள்ளிருந்து நடந்துகொண்டிருக்கும்.

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் டேங்க் என்பது சேஸிஸின் மேல் குழாய்களுக்கு நடுவே தொங்கிய தட்டையான பெட்டிதான். மூட்டுகளைப் பெரும்பாலும் ஈயப் பற்றாசு வைத்தே இணைத்தார்கள். ஆகவே கசிந்தால் சரிசெய்வதும் எளிது. குடத்துக்கும் விளக்குக்கும் பற்று வைக்கிற தகரக் கொல்லரே இதையும் பார்த்துவிடுவார். 1920களின் பிற்பகுதியில் குழாயின் மேல் சேணம் மாதிரி உட்காரும் 'சாடில் டேங்க்' பரவியது. நாம் இன்று டேங்க் என்றதும் நினைக்கும் உருவம் அதுதான். பிற்பாடு எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, விளிம்புகளை வெல்டிங் செய்வது வழக்கமானது. டேங்க் உறுதியானது. ஆனால் ரிப்பேர் கொல்லர் கையிலிருந்து வெல்டர் கைக்குப் போனது. ஆபத்தும் அங்கேதான் ஆரம்பித்தது.

நம் பக்கம் வருவோம். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து புல்லட்கள் வந்தன. 1960களில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. அதுவே பிறகு யெஸ்டி ஆனது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் வண்டி என்பது ஒரு குடும்பச் சொத்து. டேங்க் ஒழுகினால் புது டேங்க் வாங்கும் யோசனையே யாருக்கும் வராது. அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வைத்தியம் பார் சோப்பு. கடினமான துணி சோப்பை ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் கசிவு நின்றுவிடும். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதில் வேதியியல் இருக்கிறது. சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. வீடு போய்ச் சேரும் வரை தாங்கும். நடுவில் மழை வந்தால் போச்சு!

இரண்டாவது, ஈயப் பற்று. வெள்ளீயமும் காரீயமும் சுமார் 63:37 விகிதத்தில் கலந்தால் 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தனித்தனியாக உருக்கினால் வெள்ளீயத்துக்கு 232, காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். கலவையின் இந்தக் குணம்தான் கொல்லரின் மூலதனம். பெயிண்டைச் சுரண்டி, தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, துத்தநாகம் கரைத்த அமிலத்தைத் தடவி, தள்ளி ஓர் அடுப்பில் சுடவைத்த செம்புக் கோலால் ஈயத்தை ஓடவிடுவார். கவனியுங்கள், தீ டேங்குக்குப் பக்கத்தில் வருவதே இல்லை.

மூன்றாவது, கேஸ் வெல்டிங். ஆக்ஸிஜனும் அசிட்டிலினும் சேர்ந்த சுடர் 3000 டிகிரியைத் தாண்டும். பற்று உறுதியாக நிற்கும். ஆனால் 'டேங்கைக் காலி பண்ணியாச்சே, இனி என்ன பயம்' என்ற நினைப்புதான் ஆளைக் கொல்லும். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். 14 லிட்டர் டேங்கில் அந்தக் கீழ் அளவை எட்ட எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரு மில்லிதான்! துருவுக்குள் ஊறிக்கிடப்பதே அதற்குப் போதும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், மூடியைத் திறந்து வைத்தாலும் எளிதில் வெளியேறாது. முழு டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்பது இதனால்தான். விவரம் தெரிந்த வெல்டர்கள் சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் விட்டுப் பலமுறை அலசுவார்கள். பிறகு ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, ஆவிக்கு இடமில்லாமல் செய்துவிட்டுத்தான் சுடரைப் பற்றவைப்பார்கள்.

நான்காவது கதை பல் மருத்துவத்திலிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களில் செயற்கைப் பற்களுக்கு ஏற்ற பொருளைத் தேடியபோது எபாக்ஸி பிசினை உருவாக்கினார். பல்லுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் சீபா நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, 1946இல் அரால்டைட் என்ற பசையைக் கொண்டுவந்தது. இரண்டு பொருளைக் கலந்து பிசைந்து ஒட்டும் இந்த வித்தை, எம்-சீல் மாதிரியான உருண்டைகளாக நம் ஊர் ஹார்டுவேர் கடைகளுக்கும் வந்துசேர்ந்தது. தீ வேண்டாம், கொல்லர் வேண்டாம். ஆனால் ஈரம் இருந்தால் ஒட்டாது. டேங்கைக் காலி செய்து, தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பூசிய பிறகு ஒரு முழு நாள் பொறுக்க வேண்டும். கசிந்துகொண்டிருக்கும்போதே அப்புகிறவர்கள்தான் 'எபாக்ஸி நிக்காதுங்க' என்று சொல்கிறவர்கள் :-)

இப்போது கதையில் ஒரு திருப்பம். 2003இல் இந்தியாவின் சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023இல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. 2025இல் 20 சதவீத இலக்கை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். துருவுக்கு அது விருந்து. போதாததற்குப் பழைய பிசின் பூச்சுகள் பலவற்றை எத்தனால் இளக்கவும் செய்யும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய டேங்கில், இருபது வருடத்துக்கு முந்தைய பற்றின்மேல், இன்றைய பெட்ரோலை ஊற்றுகிறோம். மூன்றுக்கும் ஒன்றையொன்று அறிமுகமே கிடையாது.

ஆகவே அப்பாவின் புல்லட்டையோ தாத்தாவின் யெஸ்டியையோ தூசி தட்டி எடுக்கும் நண்பர்கள் ஒன்றைச் செய்யுங்கள். எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிற பசையை மட்டும் வாங்குங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைப் பாதியில் விடாதீர்கள். வெல்டிங்தான் வேண்டும் என்றால், டேங்கில் தண்ணீர் நிரப்பாமல் வேலையைத் தொடங்குகிறவர் எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும் டேங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஓட்டை நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும், அடைத்துக்கொள்ளலாம்.