நீலச் சாயமும் எண்ணூர்க் கழிவுநீரும்: நானோ இழை ஒளிவினையூக்கிகளைச் சோதிக்கும் முறை குறித்து

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கரும்பசை. அதை அள்ள மீனவர்கள் கையில் இருந்தவை வாளியும் மக்கும்தான். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும் இதே வாளிதான்.

ஒளியின் ஆற்றலால் மாசைச் சிதைக்கும் ஒளிவினையூக்கிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையில் இத்தகைய மாசுகள் பேசப்படுகின்றன. சோதனைப் பகுதிக்கு வந்தால், பெரும்பாலும் கண்ணாடிக் குவளையில் மெத்திலீன் நீலம் என்னும் சாயம் இருக்கிறது. இந்தச் சோதனை அந்த முன்னுரையைத் தாங்காது என்பதே என் வாதம்.

வழக்கமான ஒளிவினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடின் (அனடேஸ் வடிவம்) ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தூண்ட 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் வேண்டும். வெயிலில் புற ஊதாவின் பங்கோ ஏறத்தாழ 5 சதவீதம். அதனால்தான் 2.7 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட கார்பன் நைட்ரைடை அதனோடு சேர்த்து, 460 நானோமீட்டர் வரையுள்ள ஒளியையும் பயன்படுத்த முயல்கிறார்கள். இழை வடிவம் தீர்ப்பது வேறொரு சிக்கலை. நானோ தூளை நீரிலிருந்து மீட்பது கடினம். மின்புலத்தால் இழை இழுக்கும் மின்நூற்பில் கிடைக்கும் இழைப்பாயை அப்படியே தூக்கி எடுக்கலாம். ஆனால் நூற்பதற்குச் சேர்த்த பாலிமரை எரித்து நீக்க 500 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த பாய், அப்பளம்போல் நொறுங்கும். இதைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

மெத்திலீன் நீலத்துக்கு வருவோம். அது 664 நானோமீட்டரில் தானே ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தந்து வெளுத்துவிடும். நிறம் போனது வினையூக்கியின் திறமையாலா, சாயத்தின் இயல்பாலா என்று பிரித்தறிய முடியாது. மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடாகச் சிதைந்ததற்கும் அது சான்றாகாது. கட்புல ஒளியை உறிஞ்சாத பீனாலில் இந்தக் குழப்பம் இல்லை. சுத்திகரிப்பு ஆலைக் கழிவிலும் அது இருக்கிறது.

முகத்துவார நீர் இன்னும் கடினமானது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. அது ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைக் கவர்ந்துகொள்ளும். பீனாலோடு குளோரின் ஏறிய, மூலத்தைவிடக் கொடிய விளைபொருள்களும் உருவாகலாம். எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கலங்கிய நீரில் ஒளி ஆழம் செல்லாது. சேற்றில் படிந்த எண்ணெயின் அரோமாட்டிக் சேர்மங்களை அது எட்டவே எட்டாது. ஆகவே முகத்துவாரத்தில் இழைப்பாய் விரிப்பது வீண்.

இழைப்பாய்க்குரிய இடம் ஆலைக்குள்தான்: எண்ணெய் பிரித்து, உயிரியல் சுத்திகரிப்பும் முடிந்த பிறகு வரும் கடைசிக் கட்டம். வெளியேற்ற வரம்பு பீனாலுக்கு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம், அந்தச் சிறு மிச்சத்தை நீக்க இழைகள் உதவக்கூடும். சுத்திகரிப்பு அமைப்பையே தாண்டிப் பாய்ந்த மழை வெள்ளத்துக்கு எந்த வினையூக்கியும் பதிலல்ல. அதற்கு வேண்டியது தனி மழைநீர் வடிகாலும் கண்காணிப்பும்.

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பீனால் சோதனை, இருட்டில் ஒப்பீடு, மொத்தக் கரிமக் கார்பன் அளவீடு, உண்மையான ஆலைக் கழிவுநீரில் பத்துச் சுற்று மறுபயன்பாடு, இந்த நான்கும் இல்லாத கட்டுரை எண்ணூரைத் தன் முன்னுரையில் சேர்க்க இடம் தராதீர்கள்.